ஆனையூர் டூர்

குண்டு மிரட்டல் இருக்கிற நாட்டுக்கு நம்ம கிரிக்கெட் டீம் போகலாமா, நீங்களே சொல்லுங்கள்?

"கட்டாயம் போகணும்! பயந்தவனுக்கு எதுக்குடா பேட்டு?" என்று பசுமலை டீக்கடையில் முழங்கினான் உள்ளூர் டீம் கேப்டன் அழகுபாண்டி.

"அப்ப நாளைக்கு ஆனையூர் மேட்சுக்கு வாரியா மாப்ள?" என்றான் கூட்டாளி சிராஜ்.

அழகுபாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அங்க நமக்குப் பாதுகாப்பு பத்தாது சிராஜு. ரெண்டு பேருக்கும் பொது எடமா கப்பலூர்ல வச்சுக்குவோம்."

"பாதுகாப்பா? உன் மச்சினன்தானடா ஆனையூர் கேப்டன்!"

"அதான் பயமே. போன மாசம் நான் அம்பயரா நின்னப்ப அவனுக்கு எல்.பி.டபிள்யூ குடுத்துட்டேன்ல."

"டென்னிஸ் பந்து மேட்சுல எவனாச்சும் எல்.பி.டபிள்யூ குடுப்பானா?"

"அதையே கேட்டுட்டுத்தான் என் பொண்டாட்டி ரோகிணியும் அவ அம்மா வீட்டுக்குப் போனா. இன்னும் வரல. கூப்பிடப் போனா அண்ணன்காரன் ஸ்டம்ப்பைப் பிடுங்கிருவான்."

சிராஜ் ஆனையூருக்குப் போன் போட்டுப் பேசினான்.

"கப்பலூருக்குச் சம்மதமாம் மாப்ள. ஆனா அம்பயர் அவங்க ஆளாம்."

"யாரா இருந்தா என்ன? உசுரு தப்புனாப் போதும்."

மறுநாள் காலை கப்பலூரில், முதல் பந்திலேயே அழகுபாண்டிக்கு எல்.பி.டபிள்யூ கொடுத்த அம்பயர் ரோகிணி, மேட்ச் முடிந்ததும் அவன் பைக்கில் ஏறி வீட்டுக்கு வந்தாள்.