நான் யார் தெரியுமா?

டம்மென்று ஒரு மிக்ஸி கவுண்ட்டர் மேல் வந்து உட்கார்ந்தது.

“சுத்தவே மாட்டேங்குது! காசு மட்டும் வாங்கத் தெரியுதுல்ல?” என்று ஓர் ஆண்குரல் கத்தியது.

புகார் கவுண்ட்டருக்கு வந்திருந்த புது ஆள் தலையைத் தூக்கவில்லை. கண்ணாடிக்கு அடியில் செருகியிருந்த அட்டையைப் பார்த்துப் படித்தாள். மன்னிக்கணும் சார். உங்க சிரமம் புரியுது சார். உடனே கவனிக்கிறோம் சார்.

குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது. அவளுக்கே அழுகை முட்டியது.

அவளா இப்படி? காய்கறிக்காரர் அவள் தலையைக் கண்டாலே தராசை ஒழுங்காகப் பிடிப்பார். புருஷன் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாய்!

அந்த வாய்க்குத்தான் இங்கே பூட்டு. சிரித்துக்கொண்டே அட்டையில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும் என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவளும் சிரித்தாள். வந்தவர்களுக்கு இன்னும் கோபம் ஏறியது.

இன்று ஒருநாள் பார்ப்பாராம். சரிப்படவில்லை என்றால் பின்கட்டுக் கிடங்கில் லேபிள் ஒட்டப் போக வேண்டியதுதான். நேற்று வீட்டில் சோறு இறங்காமல் இதையே சொல்லிப் புலம்பித் தீர்த்தாள்.

இப்போது அந்த மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறார்.

“அட்டையைப் படிக்கவா இங்க உக்காந்திருக்கீங்க? நான்... நான் யார் தெரியுமா?” கத்தின குரல் பாதியில் கீச்சென்று உடைந்தது.

அவள் மிக்ஸியைத் தன் பக்கம் இழுத்தாள். ஜார் கைப்பிடியில் ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு காய்ந்து கிடந்தது.

மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

வந்தவருக்கு முகமெல்லாம் வியர்வை. காது இரண்டும் சிவந்திருந்தன. சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார்.

“தெரியாம என்ன? நல்லாவே தெரியுது.” இந்தத் தடவை வந்தது அவளுடைய சொந்தக் குரல். வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. “ஜார் பூட்டே விழல. சரியா மாட்டாம சுவிட்சைப் போட்டா அது எப்படிங்க சுத்தும்? இங்க பிடிங்க. திருப்புங்க. அய்யோ, அந்தப் பக்கம் இல்லங்க, இந்தப் பக்கம்! ஆங், இப்பப் போடுங்க.”

மிக்ஸி உறுமியது. வரிசை மொத்தமும் சிரித்தது. பக்கத்துக் கவுண்ட்டரில் இஸ்திரிப் பெட்டியோடு நின்ற பெரியவர் ஒருவர், தனக்கும் இந்தம்மாவே பார்க்கட்டும் என்று நகர்ந்து வந்துவிட்டார்.

மேனேஜர் கண்ணாடிக்கு அடியில் கையை விட்டு அட்டையை உருவி, தன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அப்பாடா! அவளுக்கு மூச்சு இப்போதுதான் ஒழுங்காக வந்தது.

மிக்ஸியைப் பையில் வைத்து எதிரே தள்ளினாள். தள்ளும்போது கொஞ்சம் முன்னால் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“கத்திப் பழக்கமே இல்லாத தொண்டை. வீட்டுக்குப் போனதும் உப்புத் தண்ணி கொப்பளிங்க. சோறு மேடை மேல மூடி வெச்சிருக்கேன்.”

அவர் தலையை ஆட்டினார், வீட்டில் எப்போதும் ஆட்டுகிற மாதிரியே.