இன்ஜின் இல்லாத கார்

எலியேசருக்குப் பழைய கார்களைச் சீராக்கி ஓட்டுவதில் ஆசை. 1967இல், சேலையூரில் சின்னப்பன் என்பவர் வீட்டுக் கொல்லையில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, மனைவி பியூலாவுடன் பார்க்கப் போனார். துருவேறிய அந்தக் கார் பனைமரத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது.

"இன்ஜினே இல்லை, சங்கிலி எதுக்கு?" என்று கேட்டார்.

"அவுத்தா மேல வந்து ஏறும் சார். எங்க அண்ணன அப்டித்தான் சாகடிச்சிது. அப்பவும் இன்ஜின் கெடையாது," என்றார் சின்னப்பன்.

"வேணாங்க, போயிடலாம்," என்றாள் பியூலா.

எலியேசர் சிரித்துக்கொண்டே சங்கிலியைக் கழற்றினார். சமதரையில் நின்ற கார் பாய்ந்து வந்து அவரைச் சுவரோடு நசுக்கியது. சின்னப்பன் கடப்பாரையால் ஓங்கி ஓங்கி அடித்த பிறகே பின்வாங்கியது.

வலது காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே, "அந்தக் காரை வாங்கிடலாம், பியூலா," என்றார். அவள் அழுதும் கேட்கவில்லை.

தாம்பரத்து வீட்டுக்கு வந்த காரை அவர் சீராக்கவில்லை. தினமும் காலையில் ஊன்றுகோலோடு போய்ச் சம்மட்டியால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதில்சுவரில் முட்டி, அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது.

"போதும், விட்டுடுங்க," என்று பியூலா கையைப் பிடித்தாள்.

அவர் உதறிவிட்டுச் சம்மட்டியை ஓங்கினார். கார் நடுங்கிக்கொண்டிருந்தது.