என் குரலில் ஒரு மறுப்பு

வேலைக்கு ஆள் எடுக்கும் கணினிக்கு என் குரலைக் கொடுத்திருக்கிறேன். வேலை இல்லை என்பதை மட்டும் அது என் குரலில் சொல்லும். ‘மன்னிச்சுடுங்க, வயசு அதிகம்’ என்று பதிவு செய்தபோது எனக்குத் திக்கியது. திக்கிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வருவதில்லை என்று அதையே வைத்துக்கொண்டார்கள். தினமும் போய் இப்படி மறுப்புகளைப் பதிவு செய்வதுதான் என் வேலை; வேதியியல் படித்த எனக்கு வேறு கிடைக்கவில்லை. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, ஆய்வகத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

நேற்று அப்பாவுக்குக் கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்காணல். கைபேசியோடு உள்ளறைக்குப் போனவர் கால் மணி நேரத்தில் வெளியே வந்தார்.

“இல்லைன்னுட்டாங்கம்மா. வயசு அதிகமாம்.”

எனக்கு முகம் சுட்டது. “ஆட்சேபணை இருக்கான்னு கேட்டிருக்குமேப்பா? இருக்குன்னு சொன்னா மனுஷங்க திரும்பப் பார்ப்பாங்க.”

“கேட்டுச்சு. இல்லைன்னுட்டேன்.”

இது அவருடைய பதினோராவது நேர்காணல். இருபது வருடம் கிடங்கு பார்த்தவர். மனிதர்கள் பார்த்திருந்தால் எடுத்திருப்பார்கள்.

“ஏம்பா அப்படிச் சொன்னீங்க?”

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை.

“ஆட்சேபணை நிறைய வந்தா குரலை மாத்திடுவாங்களாமே, மேகலா. அப்புறம் நீ வேலைக்கு எங்கம்மா போவ?”