சிவப்புப் பொட்டு

சுரங்கம் வரப்போகும் கிர்கிஸ் மலைமேய்ச்சலில் பட்டாம்பூச்சிகளைக் கணக்கெடுக்க ஐந்து நாள் வலையோடு அலைந்து கூமுஷாய்க்குக் கால் ஓய்ந்துவிட்டது. இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்துப் பறக்கவிட்ட அறுபது பட்டாம்பூச்சிகளில் ஒன்றுகூடத் திரும்பச் சிக்கவில்லை. சிக்கியதெல்லாம் பொட்டில்லாதவை.

போனில் மேலதிகாரி சொன்னார்: “அப்ப பெரிய கூட்டம் இருக்கும்மா. உன் அறுபதும் அதுல கரைஞ்சிருச்சு. அழியப்போற இனமில்ல, சுரங்கம் தோண்டலாம்னு எழுதிட்டு இறங்கி வா.”

அலுப்போடு எழுதி அனுப்பினாள். கூடாரத்தைச் சுருட்டும்போது, பக்கத்துக் கூடாரத்து ஆட்டுக்காரர் தெமிர்கூல் துணி கட்டிய கூடையோடு வந்தார்.

“இந்தா தங்கச்சி, உன் அறுபதும் இருக்கு. விட்ட அன்னைக்கே குடும்பத்தோட ஓடி ஓடிப் பிடிச்சோம். அடுத்தவங்க குறி போட்ட ஆடு தப்பி வந்தா, பிடிச்சு வச்சு ஒப்படைக்கிறவங்க நாங்க. பொட்டில்லாததை ஒண்ணுகூடத் தொடல, சத்தியமா!”