அண்ணன் ஊரில் பனி

"இங்க ஒரே பனிப்பா. ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. எப்படி வர்றது சொல்லுங்க?"

ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் குளிரில் நடுங்குவதுபோலவே இருந்தது.

மறுநாள் காலை அப்பாவுக்கு இதய ஆபரேஷன். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

"பரவாயில்லடா. பத்திரமா இரு. வெளிய போனா காதை மூடிக்க," என்றார் அப்பா.

கட்டிலருகே நின்ற தங்கை போனை முறைத்தாள்.

குளிர்காலம் இங்கேதான். உலக உருண்டையின் கீழ்ப்பாதியில் கிடக்கும் அண்ணனின் ஊரில் இப்போது நடுக்கோடை.

பொய்க்கும் ஒரு மரியாதை வேண்டாமா? பிழைப்பாரோ மாட்டாரோ என்று கிடக்கும் மனிதருக்குச் சொல்கிற பொய்யை, கொஞ்சம் யோசித்துச் சொல்லக்கூடவா அவனுக்கு நேரமில்லை?

போனைப் பிடுங்கப் பாய்ந்தாள். அதற்குள் அப்பா அணைத்துவிட்டார்.

மருந்து மயக்கத்தில் அவருக்கு உறைக்கவில்லை போலும். விடுவதாக இல்லை அவள். தட்டிலிருந்த ஆரஞ்சை எடுத்துப் படுக்கை விளக்கின் முன் பிடித்தாள்.

"பாருங்கப்பா. பூமி நேரா நின்னு சுத்தல, சாஞ்சுதான் சுத்துது. இப்ப நம்ம பாதி சூரியனை விட்டு விலகிச் சாஞ்சிருக்கு, அதான் குளிருது. அப்ப கீழ்ப்பாதி? சூரியனைப் பார்த்துச் சாஞ்சிருக்கும். அங்க வெயில் மண்டையப் பிளக்கும்! பனியாம், பனி!"

ஆத்திரத்தில் அவள் கை ஆடியது. கையிலிருந்த பூமியும் ஆடியது.

அப்பா ஊசி செருகிய கையை மெல்ல நீட்டி, பழத்தை இன்னும் சற்றுச் சாய்த்து வைத்தார்.

"இவ்வளவு சாயணும். நேரா பிடிச்சா பருவமே மாறாதும்மா."

ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தியவர் அவர். அண்ணனுக்கும் அவளுக்கும் இந்தப் பாடத்தை எடுத்தவரே அவர்தான்.

"தெரிஞ்சேவா காதை மூடிக்கன்னு சொன்னீங்க?" இப்போது அவளுக்கு அப்பாவின் மேலும் கோபம் வந்தது.

"அன்னைக்கு இந்தப் பாடம் எடுத்தப்பவும் அவன் ஜன்னலுக்கு வெளியதான் பார்த்துக்கிட்டிருந்தான்."

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் வந்தார். மகன் இன்னும் வரவில்லையா என்று கேட்டார்.

சொல்லிவிடுவது என்று அவள் வாயைத் திறந்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"எப்படி வருவான்? அங்க சரியான பனிம்மா."