வாப்பாவின் கபரடியில் ஓர் ஆமீன்

மழை விட்ட மாலை வெயில் வாப்பாவை அடக்கிய மையவாடியின் ஈரப் புல்லில் சாய்ந்து கிடக்கிறது. அவர் கபர் முன்னே கண்ணை மூடிக் கையேந்தி நிற்கிறார் தையல்காரர். கழற்ற மறந்த அளவு நாடா கழுத்தில் தொங்குகிறது. செருப்பைக் கையில் பிடித்தபடி தம்பி பின்னால் வந்து நிற்பது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பியதிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. "யா அல்லாஹ், எங்க வாப்பாவோட கபரை வெளிச்சமாக்கு. உம்மாவோட மூட்டுவலியைக் குறை." துஆ காதில் விழுந்தபின் ஆமீன் சொல்லவிடாமல் தடுக்க எந்த வீராப்பால் முடியும்? தம்பி உதட்டுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறான். அண்ணனின் துஆ தொடர்கிறது. "அந்த மாங்கா மடையன், என் தம்பி, அவனுக்குக் கொஞ்சம் நல்ல புத்தியைக் கொடு." தம்பியின் பழகிய வாய் முந்திக்கொள்கிறது. "ஆமீன்!" உரக்கவே வந்துவிடுகிறது. தையல்காரரின் தோள் குலுங்குகிறது. சிரிப்பா விசும்பலா, பின்னாலிருந்து தெரியவில்லை. ஏந்திய கை இறங்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விடுகிறார். தம்பி செருப்பைக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் வந்து கையேந்துகிறான். "அண்ணனுக்கும் கொடு, ரப்பே. கொஞ்சம் கூடவே கொடு." இப்போது ஆமீன் சொல்ல வேண்டியவர் அண்ணன். சொல்கிறார்.