இரண்டு கன்று காணும்

"ரண்டு காணும், அதுக்கு மேலை வேண்டாம்," என்றாள் மனைவி.

அவர் அதற்குள் பன்னிரண்டு கடதாசிக் கோப்பைகளில் மண் நிரப்பியிருந்தார்.

ஒவ்வொரு பங்குனியும் இந்த வேலை அவளுடையது. ஜன்னலோரம் கத்தரி விதையை முளைக்க வைப்பாள். குளிர் விட்டதும், வைகாசிக் கடைசியில் வீட்டுப் பின்வளவில் நடுவாள். எப்போதும் பன்னிரண்டு கன்று. ஆவணியில் ஸ்காபரோவில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் பை பையாகக் கத்தரிக்காய் போகும்.

அவர் முப்பத்தொரு வருடம் கனடாவில் லொறி ஓட்டியவர். ஒரு விதை ஊன்றியதில்லை.

இந்த வருடம் அவளுடைய கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருந்தார். அவள் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவர் செய்தார்.

"என்னப்பா, எப்பவும் பன்னிரண்டுதானே?" என்றார் அவர்.

"ஒராளுக்கு ரண்டு கன்று காணும்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உலைக்கு அரிசி அளக்கும்போது சொல்வதுபோல.

அவர் மீதிப் பத்துக் கோப்பைகளையும் பார்த்தார்.

போன செவ்வாய்க்கிழமை வைத்தியர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். இனி மருந்து இல்லை என்றார். வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொன்னார். தமிழில் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டுமா என்று கேட்டார்.

வேண்டாம், விளங்கிவிட்டது என்றது அவள்தான்.

திரும்பி வரும்போது காரில் ஒரேயொரு தரம் வாய் திறந்தாள். விதைப் பெட்டி குசினியில், சமையல் சாமான் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது என்றாள்.

அவர் எழுந்தார். சப்பாத்தை மாட்டினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார்.

முழங்கால் அளவு பனி.

கத்தரிப் பாத்தி வேலியோரம். பனியைத் தள்ளத் தள்ள, கறுப்பாக மண் தெரிந்தது. ஓங்கிக் கொத்தினார்.

இறங்கவில்லை. பாறையில் பட்டதுபோல் மண்வெட்டி எகிறியது.

மறுபடி கொத்தினார். மறுபடி. ஒரு குழியாவது. பன்னிரண்டுக்கும் இடம் வேண்டும்.

கையுறை போட மறந்திருந்தார். விரல்கள் தன்னுடையவையாக இல்லை.

பின்னால் ஜன்னல் கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

தட்டல் நிற்கவில்லை. அவ்வளவு நேரம் கையைத் தூக்கிப் பிடிக்க அவளால் ஏலாது.

மண்வெட்டியை எறிந்துவிட்டு உள்ளே ஓடினார்.

அவளுக்கு மூச்சு இளைத்தது. அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விசர் மனுசன். பங்குனியிலை நிலம் இளகுமே? சித்திரை கழியவேணும்."

"பன்னிரண்டும் வைப்பம், மலர்."

"வைச்சு? காய்ச்சா ஆர் சமைக்கிறது?"



அவள் வெளியே பார்த்தாள். வெள்ளை வளவில், அவர் பனி தள்ளிய இடம் மட்டும் கறுப்பு.

"பேனையை எடுங்கோ."

ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் எழுதினார். கத்தரிக்காயைப் பெரிதாக வெட்டுவது. பொரித்து எடுத்து வைப்பது. வெங்காயம், வெந்தயம், பெருஞ்சீரகம். பழப்புளிக் கரைசல். தேங்காய்ப்பால் கடைசியில். நடுவில் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். அவர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார்.

"உப்பு?"

"அளவா."

"அளவா எண்டா எவ்வளவு?"

அவள் யோசித்தாள். இத்தனை வருடத்தில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை.

"உப்புப் போத்தலைக் கொண்டு வாங்கோ."

கொண்டுவந்தார். அவள் விரல்களை உள்ளே விட்டு அள்ளி, அவருடைய உள்ளங்கையில் போட்டாள்.

"இவ்வளவு."

அவர் குனிந்து பார்த்தார். கண்ணீர் மறைத்தது.

"இன்னொருக்காப் போட்டுக் காட்டும்."

அவள் மறுபடியும் போத்தலுக்குள் விரல்களை விட்டாள்.